மண் கோட்டையும் அழியாத பெயரும்



சென்ற வருஷம் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோபர்கைரனேயில் எங்கள் ஃப்ளாட்டில் காலைக் காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். எட்டாவது படிக்கும் பேரன் ஓடி வந்தான். மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக 2025இல் அறிவித்த செய்தியை ஸ்கூலில் சொல்லியிருக்கிறார்கள். ராய்கட், சிவ்னேரி, பிரதாப்கட், சிந்துதுர்க் என்று ஒப்பித்தான். பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி.

"தாத்தா, நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கோட்டை கூடக் கிடையாதா?" என்றான்.

நாங்கள் திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். பேரன் பிறந்து வளர்ந்ததெல்லாம் நவி மும்பை. அவனுக்குத் தெரிந்த கோட்டை, ரயிலில் அரை மணியில் போய்விடக்கூடிய பேலாப்பூர் கோட்டைதான். ஜஞ்சிராவின் சித்திகள் கட்டி, போர்த்துக்கீசியர் கைக்கு மாறி, பின் மராட்டியரிடம் வந்து, 1817இல் ஆங்கிலக் கும்பெனி பிடித்த கோட்டை அது. இன்று மிச்சமிருப்பது இடிந்த சுவர்களும் ஒரு காவல் கோபுரமும். ஆனாலும் கல் கல்தானே! பார்த்தால் கோட்டை என்று தெரிகிறது.

"இருக்குடா கண்ணா, ஒண்ணு இருக்கு. ஆனா அதுலே ஒரு கல் கூடக் கிடையாது" என்றேன்.

அவன் சிரித்தான். அன்று அவனுக்குச் சொன்ன கதையைத்தான், இன்னும் கொஞ்சம் விவரமாக, நம் அங்கத்தினர்களுக்கும் எழுதலாமென்று தோன்றியது. கதை பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றியது.

நான் பண்ணின தவறு

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தபோது எனக்கு ஒன்பது வயசு. அப்பா அழைத்துப் போனார். சிவாஜியின் வசனத்தை எங்கள் தெருவில் சொல்லாத பையன் கிடையாது. அந்தப் படத்தின் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர் பக்கம் எடுத்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. என் மனசில் பதிந்தது ராஜஸ்தான் பாணியில் ஓங்கி நிற்கும் கோட்டைதான்.

1980களில் மாடுங்காவில் ஒரு கூட்டத்தில் சுதந்திரப் போராட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நானும், "கருங்கல் மதில்கள் சூழ, அகழி சூழ விளங்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை..." என்று அடித்து விட்டேன். கூட்டம் முடிந்ததும் எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தோளில் கையை வைத்து, "அகழியும் கிடையாது, கருங்கல்லும் கிடையாது ஓய். அது மண் கோட்டை. நீர் பார்த்ததே இல்லையா?" என்றார்.

வெட்கம் என்னவென்றால், நான் அதைப் பார்த்திருக்கிறேன்! 1969இல், பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோது, ரெவின்யூ இலாகாவில் இருந்த என் சித்தப்பா ஒட்டப்பிடாரம் பக்கம் காம்ப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெயில், கரிசல், அங்கங்கே உடைமரம். ஒரு நீண்ட மேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, "கோட்டை எங்கே சித்தப்பா?" என்று கேட்டேன். "நீ நிக்கறதே அது மேலேதாண்டா" என்றார். எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்த மேட்டை மறந்துவிட்டு ஜெய்ப்பூரை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

பாளையம் வந்த விதம்

16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர், தளவாய் அரியநாத முதலியாரின் யோசனைப்படி, ராஜ்யத்தை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது நாம் பள்ளியில் படித்தது. பாளையக்காரர் தம் எல்லையில் வரி வசூலித்து, காவல் காத்து, ராஜா கூப்பிட்டால் படையோடு போக வேண்டும். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கோட்டை அவசியம். மலையடிவாரப் பாளையங்களுக்குக் காடே அரண். சமவெளியில் இருந்தவர்களுக்கு மண்தான் கதி.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் முதலில் கட்டியதெல்லாம் மண் கோட்டைகளே. ஊரார்களைக் கொண்டு மண்ணை வெட்டிக் குவித்து ஒரு குன்று. அதன் உச்சியில் மரத்தாலான கோபுரம். கீழே மண் வரப்பும் பள்ளமும் சூழ்ந்த முற்றம். யார்க் நகரில் 1069இல் ஒரு கோட்டையை அரசன் எட்டு நாளில் எழுப்பியதாகச் சொல்வார்கள். இன்று இங்கிலாந்துக் கிராமப்புறங்களில் புல் முளைத்த மேடுகளாக இப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அங்கும் போய்ப் பார்க்கிற பேரப்பிள்ளைகள், "கோட்டை எங்கே?" என்றுதான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

மதுரை நாயக்கர் ஆட்சி போய், ஆற்காட்டு நவாப் வந்து, நவாபின் கடன் வளர்ந்து, 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் அதிகாரம் கும்பெனிக்குப் போயிற்று. இதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சிப் பட்டத்துக்கு வந்திருந்தார். அப்போது வயது 30. தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் வம்சம், குலதெய்வம் ஜக்கம்மா, இஷ்டதெய்வம் திருச்செந்தூர் முருகன். செந்தூரில் உச்சிகால பூஜை முடிந்த மணியோசை, வழிநெடுக மண்டபங்களில் கட்டிய மணிகள் மூலம் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்த பிறகே அவர் சாப்பிட உட்காருவார் என்று எங்கள் பாட்டி சொல்வாள்.

கிஸ்தி பாக்கி வளர்ந்தது. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்தில் வைத்து விசாரித்தபோது கைகலப்பாகி லெஃப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். அங்கே ஆரம்பித்த பகை முற்றி யுத்தமாயிற்று.

கட்டபொம்மனைப் பற்றி அபிப்பிராய பேதம் நம்மிடையே உண்டு. பாளையக்காரர்கள் அண்டை ஊர்களில் கொள்ளையடித்தார்கள் என்று கும்பெனி ரிக்கார்டுகள் சொல்கின்றன. அக்காலத்தில் பலம் உள்ளவன் எல்லோரும் செய்த காரியம் அது, கும்பெனியும் விதிவிலக்கல்ல. அவர் குற்றமே இல்லாத மனிதர் என்று நான் வாதாடப் போவதில்லை. வெளியிலிருந்து வந்த வியாபாரிக்கு எதற்குக் கிஸ்தி என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்கு அவர் கொடுத்த விலை உயிர்.

1799: முதல் முற்றுகை

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் படையுடன் வந்து கோட்டையைத் தாக்கினார். மண் சுவர்தானே, ஒரு நாழிகை வேலை என்று நினைத்திருக்க வேண்டும். தாக்குதல் தோற்றது, அதிகாரிகள் உட்படப் பலர் மாண்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து கனமான பீரங்கிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவை வந்தால் தாங்காது என்று தெரிந்த கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் கட்டபொம்மனும் பிடிபட்டு, அக்டோபரில் கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். சினிமா இங்கே முடிந்துவிடுகிறது. மண் கோட்டையின் பெருமையே இதற்குப் பிறகுதான் தெரியவந்தது.

1801: ஒரு வாரத்தில் எழுந்த கோட்டை

கட்டபொம்மனின் தம்பி குமாரசுவாமி. பேச்சு வராது, காதும் கேளாது. அதனால் ஊமைத்துரை. அவரும் மற்றொரு தம்பி செவத்தையாவும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி மாலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்தில் இருந்த சமயம், ஆதரவாளர்கள் மாறுவேஷத்தில் உள்ளே புகுந்து அவர்களை மீட்டார்கள். சுமார் 30 மைல் தூரத்தை இரவோடு இரவாகக் கடந்து பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மெக்காலே படையுடன் அங்கே போனபோது, தரைமட்டமாக்கிய இடத்தில் கோட்டை நின்றது! கல்லாக இருந்தால் குவாரி வேண்டும், ஸ்தபதி வேண்டும், வண்டி வேண்டும், வருஷங்கள் வேண்டும். மண்ணுக்கு மண்வெட்டியும் கூடையும் ஊர் ஜனங்களின் கையும் போதும். யார்க்கில் எட்டு நாளில் கோட்டை கட்டியவர்களின் சந்ததிக்கு அது வியப்பாகப் போனதுதான் வேடிக்கை.

மெக்காலே பின்வாங்கினார். கூடுதல் படை சேர்த்து மார்ச் 31இல் மறுபடி தாக்கினார். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தம் ராணுவ நினைவுகளை 1830இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் தரும் அளவுகள் இவை: ஏறக்குறைய நீள்சதுரம்; நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி; சுவர் உயரம் சுமார் 12 அடி; இடையிடையே சிறு சதுரக் கொத்தளங்கள்; சுற்றிலும் அடர்ந்த முள்வேலி; அகழி கிடையாது. முழுக்க முழுக்க இறுகிப் பிடித்துக்கொள்ளும் மண். நம் நவி மும்பையில் ஒரு நடுத்தர ஹவுசிங் சொசைட்டியின் காம்பவுண்டு இதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதன் முன்னால் அன்றும் கும்பெனிப் படை பெரும் சேதத்துடன் தோற்றுத் திரும்பியது.

பந்தும் கையும்

நான் படித்தது பௌதிகம். ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க அனுமதி வேண்டும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தை விறைத்த கையால் தடுத்தால் விரல் உடையும். பந்தோடு கையைப் பின்னுக்கு இழுத்தால் சுகமாகப் பிடித்துவிடலாம். பந்து நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால், கையில் விழும் விசை குறையும். சிவாஜி பார்க்கில் விளையாடும் குழந்தைகளுக்கும் தெரிந்த சங்கதி.

கருங்கல் விறைத்த கை. குண்டு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் நிற்கிறது. அந்த அதிர்ச்சியில் கல் விரிசல் விடுகிறது. பூச்சுக் கட்டு விட்டுப்போய் ஒரு கல் பெயர்ந்தால் மேலுள்ள கற்களும் சரிகின்றன. மண் சுவரில் குண்டு புதைகிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நகர்ந்து, குண்டின் சக்தியை உஷ்ணமாக்கி விழுங்கிவிடுகின்றன. சுவரில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ராத்திரி இரண்டு கூடை ஈரமண்ணை அப்பினால் அதுவும் போச்சு.

இன்னொரு யுக்தியும் இருந்தது. கொத்தளங்களின் உட்புறத்தைப் பள்ளமாக வைத்திருந்தார்கள். பீரங்கி உடைத்த வழியாக ஏறி வரும் சிப்பாய் உச்சியில் தனியாக நிற்பான். அவனுக்கு உள்ளே குதிக்க இடம் கிடையாது. கீழே மறைந்திருப்பவர்கள் நீண்ட ஈட்டியால் குத்துவார்கள். உடைந்த வழியே ஏறினவர்கள் உள்ளே இறங்க முடியாமல் போன காரணத்தைக் கோட்டை விழுந்த பிறகுதான் வெல்ஷ் நேரில் பார்த்துப் புரிந்துகொண்டார்.

வடக்கே பரத்பூரிலும் இதே பாடம். ஜாட் ராஜாக்களின் அந்தக் கோட்டைக்கு வெளிச்சுற்று கனமான மண் மதில். 1805இல் லார்டு லேக் நான்கு தடவை தாக்கி நான்கு தடவையும் தோற்றார். கடைசியில் 1826இல் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத்தான் கும்பெனியால் உள்ளே நுழைய முடிந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. லெஃப்டினன்ட் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளுடனும் புதிய படைகளுடனும் மே மாதம் வந்து சேர்ந்தார். இடைவிடாத குண்டுவீச்சுக்குப் பின் 1801 மே 24ஆம் தேதி கோட்டை விழுந்தது.

ஒரு தாயார்

வெல்ஷ் எழுதிய ஒரு சம்பவத்தை விட்டுவிட மனசு வரவில்லை. தப்பிப் போகும் வழியில் ஊமைத்துரை காயப்பட்டு, விழுந்து கிடந்தவர்களுக்கு நடுவே கிடந்தார். இரவில் ஒரு கிராமத்து ஸ்திரீ, போருக்குப் போன தன் மகனைத் தேடி வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் துரையைக் காப்பாற்றும்படி தாயிடம் சொன்னானாம். அவள் அப்படியே செய்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, துணியைப் போர்த்தி, வைசூரி கண்டவர் என்று சொல்லிவிட்டாள். பயந்து விலகிப் போய்விட்டார்கள்.

அவள் பெயர் எங்கும் இல்லை. இதை எழுதி வைத்தவர் எதிரிப்படையின் அதிகாரி என்பதை நினைக்கும்போது அவரையும் மெச்சத்தான் தோன்றுகிறது.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரையையும் செவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து 1801 நவம்பர் 16ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

பெயரை அடிப்பது

கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். பாளையத்து நிலங்களை, கும்பெனிக்கு உதவின அண்டைப் பாளையக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குகளிலிருந்து நீக்க உத்தரவாயிற்று என்றும் சொல்வார்கள்.

நான் 35 வருஷம் சர்க்கார் கோப்புகளோடு வாழ்ந்தவன். ரிஜிஸ்டரில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்து, சுருக்கொப்பம் போட்டு, தேதி போடுவது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும். அப்படி நானே எத்தனையோ பெயர்களை அடித்திருக்கிறேன். அடித்த பிறகு அந்த ஆசாமி ஆபீஸைப் பொறுத்தவரை இல்லை. ஆகவே இந்த உத்தரவைப் பற்றிப் படித்தபோது எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உறைத்தது.

ஆனால் ரிஜிஸ்டருக்கு வெளியே இருந்த ஜனங்கள் உத்தரவைப் படிக்கவில்லை. கும்மியிலும் கூத்திலும் கதைப்பாடலிலும் பெயர் புழங்கியது. அந்தப் பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்தார். மா.பொ.சி. வரலாறாக எழுதினார். பிறகு சினிமா. சிவாஜி கணேசன் கயத்தாறில் தாமே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. பழைய கோட்டையின் மிச்சம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பக்கத்து ஒட்டப்பிடாரத்தில்தான் 1872இல் வ.உ.சி. பிறந்தார். கும்பெனிக்குத் துணை நின்ற அதே எட்டயபுரத்தில் 1882இல் பாரதியார் பிறந்தார். இதற்கு நான் வியாக்கியானம் எதுவும் செய்யப் போவதில்லை.

மறுபடியும் அந்த மேடு

சென்ற டிசம்பரில் திருச்செந்தூரில் பேரனுக்காக ஒரு பிரார்த்தனை பாக்கி இருந்தது. தரிசனம் முடிந்து, தூத்துக்குடி வழியாகக் குடும்பத்தோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். என் அகத்துக்காரி, "இந்த வெயில்லே மண்ணைப் பார்க்கணுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். நினைவுக் கோட்டையில் போட்டோ எடுத்துக்கொண்டான் பேரன். பிறகு பழைய கோட்டை இருந்த இடத்துக்கு வந்தோம். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "எங்கே தாத்தா?" என்றான்.

"நீ நிக்கறதே அது மேலேதாண்டா."

சொன்ன பிறகுதான் சித்தப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. அவர் போய் இருபது வருஷமாகிறது. 1969இல் நான் பார்த்ததைவிட மேடு தணிந்துதான் இருக்கிறது. மண் சுவருக்கு வருஷா வருஷம் பூச்சு வேண்டும். பூசுவாரில்லாத சுவரை ஒவ்வொரு ஐப்பசி மழையும் கொஞ்சம் கரைக்கும். பேரனின் பேரன் வரும்போது என்ன இருக்குமோ!

அருகிலேயே அந்தப் போர்களில் மாண்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இருக்கின்றன. "இவாளும் பாவம்தான், எந்த ஊர்லேர்ந்தோ வந்து..." என்றாள் என் மனைவி. அதுவும் சரிதான்.

அன்று ராத்திரி திருநெல்வேலி ஓட்டலில் பேரன் ஸ்கூல் ப்ராஜெக்ட் நோட்டை எடுத்தான். முழுக்க இங்கிலீஷ். தமிழ் அவனுக்கு வீட்டில் பேசத்தான் வரும். எழுத்தை நான் சனி ஞாயிறுகளில் சொல்லித் தருகிறேன். தலைப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன் என்றான். 'பாஞ்சாலங்குரிச்சி' என்று எழுதினான். "வல்லின 'றி' போடணும்" என்றேன். அடித்துவிட்டு, சரியாக எழுதினான்.

திருச்செந்தூர் போகும் அங்கத்தினர்கள் தூத்துக்குடியிலிருந்து ஒரு டாக்ஸி வைத்துக்கொண்டால் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். உங்கள் பூர்வீக கிராமங்களிலும் 'கோட்டைமேடு' என்ற பெயருடன் வெறும் மேடு ஏதாவது இருக்கலாம். இருந்தால் அங்குள்ள பெரியவர்களிடம் விசாரித்து, அடுத்த இதழுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள்.